சத்தமில்லாத தங்கம்: கோலாலம்பூரில் வாங்க ஏற்ற தங்கக் கைக்கடிகாரம் எது?

கல்யாண மண்டபத்தின் மறுகோடியிலிருந்தே கண்ணைப் பறிக்கும் தங்கக் கடிகாரங்களுக்கு இந்த ஒப்பீட்டில் இடமில்லை. இங்கே எடுத்துக்கொண்டது வேறு ரகம். 31 முதல் 38 மி.மீ. வரை விட்டம், இரண்டு அல்லது மூன்று முள், தேதி கிடையாது, தோல் வார், முழுக்கைச் சட்டைக்குள் தடையில்லாமல் நுழையும் மெல்லிய உடம்பு. சேகரிப்பாளர்கள் டிரெஸ் வாட்ச் என்று சொல்வது இதைத்தான். அணிந்தவர் கையைத் திருப்பி மணி பார்க்கும்போதுதான் அது தங்கம் என்பதே பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவரும்.

இப்படி ஒன்று வாங்க நினைப்பவருக்கு ஐந்து வழிகள் உண்டு. 1950, 60களில் வந்த ஒமேகா, லாஞ்சின்ஸ், ஐ.டபிள்யு.சி. போன்ற பழைய 18 கேரட் கடிகாரங்கள் ஒன்று. 1980, 90களின் பாடெக் பிலிப், வஷரோன் கான்ஸ்டன்டின், பியாஜே இன்னொன்று. கார்ட்டியே டேங்க் தனி வழி. நான்காவது, ஷோரூமில் புதிதாக வாங்குவது. கடைசியாக, முலாம் பூசியதும் தகடு போர்த்தியதும். எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: கையில் பணம் இருந்தால் இரண்டாவது வழி. இல்லையென்றால் முதல் வழியில், கேஸ் (இயந்திரத்தை மூடும் உலோகக் கூடு) தேயாத ஒன்று கிடைக்கும்வரை பொறுத்திருக்கலாம். டயலில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதைவிட, கேஸின் விளிம்பு எவ்வளவு கூர்மையாக மிஞ்சியிருக்கிறது என்பதற்கே நாங்கள் அதிக மதிப்பெண் போடுகிறோம். காரணம் எளிது. இயந்திரத்தைச் சர்வீஸ் செய்யலாம், கண்ணாடியை மாற்றலாம், வாரை மாற்றலாம். பாலிஷ் சக்கரத்தில் கரைந்துபோன தங்கம் திரும்பி வராது.

நகைக்கடைக் கணக்கு இங்கே செல்லாது

மஸ்ஜித் இந்தியாவிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் நாம் வாங்கும் நகை 916, அதாவது 22 கேரட். சுவிஸ் கடிகாரக் கேஸ் பெரும்பாலும் 750, அதாவது 18 கேரட். ஆயிரத்தில் 750 பங்கு தங்கம்; மிச்சம் வெள்ளியும் செம்பும். அந்த மிச்சம் எப்படிப் பிரிகிறது என்பதில்தான் நிறம் இருக்கிறது. 3என் எனப்படும் மஞ்சள் தங்கத்தில் வெள்ளி 125, செம்பு 125. 5என் எனப்படும் சிவப்புத் தங்கத்தில் வெள்ளி 45, செம்பு 205. இடையில் உள்ள 4என்னில் வெள்ளி 90, செம்பு 160. 916 நகையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 3என் சற்று வெளிறித் தெரியும். அதைக் குறையாக எண்ண வேண்டாம். அடக்கம் அங்கிருந்துதான் வருகிறது. செம்பு கூடக் கூட வியர்வைக்கு நிறம் மங்கும். நம் ஊர் வெக்கைக்கு மஞ்சள் தங்கமே பாதுகாப்பு என்பது எங்கள் கருத்து.

எடைக்கு எடை மதிப்புப் போட்டு வாங்குவதிலும் பொருளில்லை. ஒரு சிறிய டிரெஸ் வாட்ச் கேஸில் 12 கிராம் 18 கேரட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சொக்கத் தங்கம் 9 கிராம். 916 கணக்கில் அது சுமார் 9.8 கிராம், ஏறத்தாழ ஒன்றேகால் பவுன். 2025 மார்ச்சில் தங்கம் அவுன்ஸுக்கு 3,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. அதே ஆண்டு அக்டோபரில் 4,000ஐத் தாண்டியது. அப்படியிருந்தும் நல்ல கடிகாரத்தின் விலையில் தங்கம் ஒரு பகுதிதான். ஆனால் பெயர் தெரியாத பழைய 18 கேரட் கடிகாரங்களுக்கு இந்த ஏற்றம் ஆபத்து. இயந்திரத்தைக் கழற்றி எறிந்துவிட்டுக் கேஸை உருக்கினால் லாபம் என்ற நிலை வந்ததும் பல நல்ல கேஸ்கள் உலைக்குப் போய்விடுகின்றன.

தங்கமா இல்லையா என்று அறிய நகை ஆசாரியிடம் கொண்டுபோனால், பழக்க தோஷத்தில் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்துவிடுவார். கடிகாரத்துக்கு அது வேண்டவே வேண்டாம். கேஸின் விளிம்பில் விழுந்த அந்தக் கோடு போகாது. எக்ஸ்-கதிர் கருவி உள்ள கடையில் காட்டலாம், ஆனால் அந்தக் கருவியும் மேற்பரப்பில் சில மைக்ரான் ஆழத்தை மட்டுமே படிக்கும். 80 மைக்ரான் தங்கத் தகடு போர்த்திய கேஸ், கருவியில் அசல் தங்கமாகவே காட்டும். ஆகவே முத்திரைதான் முதல் சாட்சி. பின்மூடியின் உட்புறம் 18 கேரட்டுக்கு ஹெல்வேஷியா என்ற பெண் தலை, 14 கேரட்டுக்கு அணில். 1995 முதல் இரண்டுக்கும் பதிலாக செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை. பூதக்கண்ணாடியில் முத்திரையின் ஓரங்கள் கூராக நிற்க வேண்டும். லக்கின் (வார் மாட்டும் கொம்பின்) அடிப்பக்கத்தில் அடித்த முத்திரை மழுங்கியிருந்தால், அந்த இடம்வரை பாலிஷ் போயிருக்கிறது என்று பொருள். அப்படியானால் மேல்பக்கத்தின் கதியைச் சொல்லவே வேண்டாம்.

9 கேரட் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டிஷ் சந்தைக்காக டெனிசன் நிறுவனம் செய்த 375 முத்திரைக் கேஸ்களில் ஒமேகா உட்படப் பல கடிகாரங்கள் வந்தன. அந்த நிறுவனம் 1967இல் மூடப்பட்டது. உறுதியான கேஸ், விலையும் குறைவு. ஆனால் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் வேறு உலோகம் என்பதால் வியர்வையில் கறுக்கும். சிலருக்கு மணிக்கட்டில் கறையும் விழும். தினமும் துடைக்கும் பழக்கம் உள்ளவருக்கு மட்டும் சரி.

முதல் வழி: பழைய ஒமேகாவும் அதன் கூட்டாளிகளும்

1939இல் வந்த ஒமேகாவின் 30 மி.மீ. இயந்திர வரிசை, அதாவது 30டி2வும் அதன் பின் 260, 280 எண்களில் வந்தவையும், சாவி கொடுக்கும் இயந்திரங்களில் மிக நேர்மையான வேலைப்பாடு. உதிரிபாகம் இன்றும் கிடைக்கும். பழுதுபார்ப்பவர்களுக்குக் கை பழகியது. ஐ.டபிள்யு.சி.யின் கலிபர் 89 இயந்திரம், 1946இல் வந்தது, அதே தரம். 34, 35 மி.மீ. அளவில் 18 கேரட் கேஸில் இவை கிடைக்கும். விலையோ நல்ல பாடெக் ஒன்றின் ஐந்தில் ஒரு பங்கு, சில நேரம் அதற்கும் கீழே.

இந்த வழியில் எது கெடும் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பணம் போவது இங்கேதான். முதல் இடம் கிரவுன், அதாவது சாவி கொடுக்கும் குமிழ். அறுபது ஆண்டுகள் தினமும் சாவி கொடுத்ததில் கேஸில் அதன் தண்டு நுழையும் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும். கிரவுனை மெல்லப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரியும். அந்த இடைவெளி வழியாக வியர்வை உள்ளே போகிறது. பின்மூடியைத் திறந்து, தண்டும் அதை ஒட்டிய பற்சக்கரமும் இருக்கும் பக்கத்தைப் பார்த்தால் செம்பழுப்புத் தூள் படிந்திருக்கும். அதுதான் துரு. நம் தட்பவெப்பத்தில் முதலில் துருப்பிடிப்பது இந்தப் பகுதி. தூள் தண்டில் மட்டும் இருந்தால் தண்டை மாற்றிச் சுத்தம் செய்துவிடலாம். அடித்தட்டில் பரவி, பற்சக்கரங்களில் குழி விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது டயல். மறுபடி வரைந்த டயல்தான் இந்த வகையில் பெரிய தொல்லை. அடியில் உள்ள ‘ஸ்விஸ் மேட்’ எழுத்து நிமிடக் கோட்டோடு முட்டினாலோ, காணாமல் போனாலோ, நிமிடக் கோடுகளின் இடைவெளி ஒரே சீராக இல்லாவிட்டாலோ அது மறுவரைவு. 1970களின் டயல்களில் ‘ஸ்விஸ்’ என்பதன் இருபுறமும் கிரேக்க எழுத்து சிக்மா இருந்தால், மணிக்குறிகள் தங்கத்தில் செய்தவை என்று அர்த்தம். லேசாகப் பழுத்த, புள்ளி விழுந்த அசல் டயலை, பளிச்சென்ற மறுவரைவைவிட நூறு மடங்கு நாங்கள் விரும்புவோம்.

மூன்றாவது இயந்திரத்தின் நலம். கடைக்காரரிடம் டைம்கிராஃபர் (ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்டு அளக்கும்) கருவி இருந்தால் போடச் சொல்லுங்கள். முழுச் சாவி கொடுத்து, டயல் மேலே பார்க்கப் படுக்க வைத்த நிலையில் ஆம்பிளிட்யூட், அதாவது ஓட்டத்தைச் சீராக்கும் சமநிலைச் சக்கரம் ஊசலாடும் வீச்சு, 260 முதல் 290 பாகை வரை இருந்தால் நல்லது. 220க்குக் கீழே போனால் சர்வீஸ் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். ஒரு எச்சரிக்கை: கருவி அந்த வீச்சைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும், இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும் லிஃப்ட் கோணம் என்ற அமைப்பு பெரும்பாலும் 52இல் நிற்கும். பழைய இயந்திரத்தின் உண்மைக் கோணம் அதைவிடக் குறைவென்றால், காட்டும் ஆம்பிளிட்யூட் நிஜத்தைவிட அதிகமாக இருக்கும். அந்த இயந்திரத்துக்குரிய எண்ணைப் போட்டுத்தான் படிக்க வேண்டும்.

இரண்டாம் வழி: எங்கள் தேர்வு

பாடெக்கின் கலட்ராவா வரிசை 1932இல் 96 என்ற மாடல் எண்ணோடு தொடங்கியது. விட்டம் சுமார் 31 மி.மீ. இன்றும் டிரெஸ் வாட்ச் வரைவோர் அதைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். ஆனால் தினசரி அணிய 96ஐ நாங்கள் சொல்ல மாட்டோம். ஆரம்பகாலத்து இயந்திரங்களில் அதிர்ச்சித் தாங்கி இல்லை, ஒருமுறை தரையில் விழுந்தால் சமநிலைச் சக்கரத்தின் அச்சு முறியும். 1980களில் வந்த 3796, 3919 இரண்டும் அந்த உருவத்தின் சாரத்தை எடுத்துக்கொண்டு, நவீன இயந்திரத்தோடு வந்தவை.

3919ஐக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்ப்போம். 1985இல் வந்து 2006 வரை விற்பனையில் இருந்தது. 33 மி.மீ., வெள்ளை டயலில் கறுப்பு ரோமன் எண்கள், ஆறு மணியில் சிறு வினாடி முள். கண்ணாடியைச் சுற்றிய வளையம் முழுக்கச் சின்னஞ்சிறு பிரமிடுகள். கிளூ டி பாரி என்று அந்தச் செதுக்குக்குப் பெயர். நேர் வெளிச்சத்தில் அது மின்னாது, பனி படர்ந்ததுபோல ஒளியை உடைத்துவிடும். தங்கம் இருந்தும் பளபளப்பு இல்லாமல் போவது இந்த வேலைப்பாட்டால்தான். உள்ளே 2.55 மி.மீ. தடிமனுள்ள 215 பி.எஸ். இயந்திரம், முழுச் சாவிக்கு 44 மணி நேரம்.

வாங்கும்போது 10 மடங்கு பூதக்கண்ணாடியை அந்தப் பிரமிடுகளின் மேல் வையுங்கள். ஒவ்வொன்றும் உச்சியில் ஒரு புள்ளியாக முடிய வேண்டும். உச்சி தட்டையாகிச் சிறு சதுரமாகத் தெரிந்தால் தேய்மானம். சட்டைக்கை உரசும் பக்கம் லேசாகத் தேய்வது இயற்கை, அது பாதகமில்லை. சுற்றிலும் ஒரே அளவு தட்டையாக இருந்தால் யாரோ பாலிஷ் சக்கரத்தில் வைத்திருக்கிறார்கள். மறுபடி செதுக்க உள்ளே தங்கம் போதாது, ஆகவே அதைத் தொடாமல் வந்துவிடுவதே மேல்.

36 மி.மீ. வேண்டும் என்பவர்க்கு 3919க்குப் பின் வந்த 5119 உண்டு. பிரமிடு வேண்டாம், வெறும் வளையம் போதும் என்றால் 37 மி.மீ. 5196, அதே 215 பி.எஸ்., 2004இல் வந்தது. அந்தச் சிறு இயந்திரம் 37 மி.மீ. கேஸில் உட்காரும்போது வினாடி வட்டம் டயலின் நடுவை நோக்கி நெருங்கிவிடுகிறது, 33 மி.மீ.யில் உள்ள பொருத்தம் அதில் இல்லை என்பது நம் கண்ணுக்குப் படுகிறது. மணிக்கட்டு 16, 17 செ.மீ. சுற்றளவு உள்ளவர்களுக்கு 33 தாராளமாகப் போதும். சிறியது பெண்கள் கடிகாரம் என்ற எண்ணம் நம்மிடையே அதிகம். ஒரு வாரம் அணிந்தால் அது தானாகப் போய்விடும்.

பியாஜேயின் 9பி இயந்திரம் 1957இல் வந்தது, தடிமன் 2 மி.மீ. மட்டுமே. கேஸும் அதற்கேற்ப மெல்லிசு. அழகில் இதை மிஞ்ச ஆளில்லை, ஆனால் மெலிவுக்கு விலை உண்டு: பாகங்களுக்கு இடையே இடைவெளி மயிரிழைதான், சிறு தூசி போதும் நின்றுவிட. மெல்லிய இயந்திரத்தில் கை பழகாதவரிடம் கொடுத்தால் பாலத்தின் (சக்கரங்களை மேலிருந்து பிடிக்கும் தகட்டின்) திருகை ஒரு இறுக்கு அதிகமாக இறுக்கி வளைத்துவிடுவார். சர்வீஸுக்கு யார் இருக்கிறார் என்று தெரிந்துகொண்ட பிறகே பியாஜே வாங்குங்கள்.

மூன்றாவது: டேங்க்

1917இல் வரைந்தது, 1919 முதல் விற்பனை. செவ்வகம் என்பதால் அளவை எண்ணால் கணிக்க முடியாது. இப்போதைய பெரிய டேங்க் லூயி கார்ட்டியே 33.7க்கு 25.5 மி.மீ., தடிமன் 6.6, கையில் வைத்தால் 35 மி.மீ. வட்டக் கடிகாரம் அளவுக்கு இடம் பிடிக்கும். நகை அழகு வேண்டும், இயந்திரத்தைப் பற்றிக் கவலையில்லை என்பவருக்கும், கணவன் மனைவி இருவரும் மாற்றி மாற்றி அணிய நினைப்பவருக்கும் இதுவே பதில்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். 1970களின் இறுதியிலிருந்து வந்த ‘மஸ்ட்’ டேங்குகள் தங்கம் இல்லை, 925 வெள்ளியின் மேல் தங்கம் பூசியவை. பின்பக்கத்திலேயே வெள்ளி என்றும் 20 மைக்ரான் முலாம் என்றும் எழுதியிருக்கும். குறைந்த விலைக்கு ஆசைப்பட்டு ‘தங்க டேங்க்’ என்று வாங்குகிறவர் அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை. முலாம் தேய்ந்த மூலைகளில் வெள்ளி எட்டிப் பார்த்து, நம் ஈரக்காற்றில் கறுத்துவிடும்.

புதியது

கே.எல்.சி.சி., பவிலியன், டி.ஆர்.எக்ஸ். பக்கம் போனால் விலை ஒன்றுதான் தடை. புதியதில் ஈரத்தைத் தடுக்கும் ரப்பர் வளையம் புதிது, நீலக்கல் கண்ணாடி, உத்தரவாதம். கிரவுன் வழியாக வியர்வை நுழையும் பயம் குறைவு. மறுபக்கம், இன்றைய டிரெஸ் வாட்ச் பெரிதாகிவிட்டது. 5119க்குப் பதிலாக 2021இல் வந்த பாடெக் 6119 39 மி.மீ.; 65 மணி நேரம் ஓடும் நல்ல இயந்திரம், ஆனால் 3919இன் அடக்கம் அதில் பாதிதான். வஷரோனின் பாட்ரிமோனி 40 மி.மீ. என்றாலும் தடிமன் 6.79 மி.மீ. மட்டும், அதனால் தட்டு மாதிரி படிந்து உட்காரும். பெரிய மணிக்கட்டுக்காரருக்கு நாங்கள் சொல்வது இதைத்தான்.

முலாமும் தகடும்

10 அல்லது 20 மைக்ரான் முலாம் என்பது கடிகார உலகின் கவரிங். லக்கின் நுனியிலும் கிரவுனிலும் முதலில் தேயும், உள்ளே பித்தளை தெரியும், வியர்வை பட்டுப் பச்சை பூக்கும். மறுமுலாம் போட்டால் முத்திரையும் எழுத்தும் மழுங்கும். தகடு போர்த்தியது வேறு விஷயம்: 1960இல் வந்த முதல் கிராண்ட் சீக்கோ 14 கேரட் தகடு போர்த்தியது, தடிமன் 80 மைக்ரான். கவனமாக அணிந்தால் பல ஆண்டு தாங்கும், சேகரிப்பாளர் மதிப்பும் உண்டு. தினமும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர், மழையில் நனைகிறவர், அசல் தங்கத்தை விட்டுவிட்டு நல்ல தகட்டுக் கடிகாரத்தையோ எஃகையோ அணிவதே நல்லது.

ஈரமும் வியர்வையும்

எந்த வழியில் போனாலும் நம் ஊர்க் காற்று காத்திருக்கிறது. வெளியே 33 பாகை, பேரங்காடிக்குள் 21. ஈரக்காற்று உள்ளே புகுந்த பழைய கடிகாரத்தைக் கழற்றி ஏ.சி. அறை மேசையில் வைத்தால், கண்ணாடியின் உட்புறம் பனி படரும். ஒருமுறை படர்ந்தாலே ரப்பர் வளையங்களைச் சோதிக்கக் கொடுத்துவிட வேண்டும். தானாகக் காய்ந்தது என்று விட்டால் அடுத்து டயலில் புள்ளி விழும். வீட்டில் வைக்க, கேமரா கடைகளில் விற்கும் ஈரம் உறிஞ்சும் பெட்டி போதும். 45 முதல் 50 விழுக்காட்டில் வையுங்கள். அதற்கும் கீழே போனால் தோல் வார் வெடிக்கும்.

வாரை இங்கே செலவாகும் பொருள் என்றே கணக்கிட வேண்டும். தினமும் அணிந்தால் ஓராண்டு தாங்குவதே அரிது. முதலைத்தோல் அழகு, வியர்வையில் விரைவில் விறைத்துவிடும். மாட்டுத்தோல் வேண்டாம் என்று நினைக்கும் குடும்பங்களுக்கு ஆட்டுத்தோல் நல்ல மாற்று, மெல்லிசும்கூட. கடிகாரத்தின் பக்கம் 2 மி.மீ.க்கு மேல் தடிமன் உள்ள வார், மெல்லிய கேஸைத் தூக்கிக் காட்டிக் கெடுத்துவிடும். பழைய கடிகாரங்களில் லக் இடைவெளி 17 மி.மீ. ஆகவும் இருக்கும், 18ஐ மடித்து நுழைக்காமல் சரியான அளவைச் சொல்லித் தைக்கக் கொடுங்கள்.

கோயிலுக்குப் போகும்போது இன்னொரு கவனம். திருநீறு மிக நுண்ணிய தூள். ரப்பர் வளையம் இல்லாத பழைய கிரவுனுக்குள் புகுந்தால் எண்ணெயோடு கலந்து அரைக்கும் பசையாகிவிடும். பத்துமலைக்கோ அபிஷேகத்துக்கோ போகும் நாளில் கடிகாரம் வீட்டில் இருக்கட்டும். தங்கக் கைச்செயினையும் கடிகாரத்தையும் ஒரே கையில் அணியாதீர்கள். இரண்டும் உரசி இரண்டும் கோடு விழும்.

சாவி கொடுப்பது கையிலிருந்து கழற்றிய பிறகுதான். கையில் இருக்கும்போதே திருகினால் தண்டு பக்கவாட்டில் இழுபட்டு, முன்பு சொன்ன அந்தத் துளையைத் தேய்க்கும். காலையில் ஒரே நேரத்தில் 25, 30 சுற்று. தடை தெரிந்ததும் நிறுத்த வேண்டும்.

எங்கே தேடுவது

பெட்டாலிங் ஜெயாவின் அம்கார்ப் மால் வார இறுதிச் சந்தை, அடகுக்கடைகளின் கண்ணாடிப் பெட்டி, பினாங்கில் லோரோங் கூலிட் சந்தை. முதல் வழிக்காரர்களுக்கு இவை போதும். ஆனால் சந்தையில் கையில் பூதக்கண்ணாடி இல்லாமல் எதையும் தொடாதீர்கள், பின்மூடியைத் திறக்க மறுப்பவரிடம் எதையும் வாங்காதீர்கள். இரண்டாம் வழிக்கு, விலைச்சீட்டும் பழைய சர்வீஸ் ரசீதும் தருகிற பழைய கடிகார வணிகரே சரி. பாடெக்கில் தொடர் எண்ணைக் கொண்டு நிறுவனத்திடமே ஆவணச் சாறு (அவர்கள் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தரும் குறிப்பு) கேட்டுப் பெறலாம். எந்த ஆண்டு செய்தது, எந்த உலோகம், எந்த டயல் என்பது அதில் வரும். டயல் மாறியிருந்தால் அங்கேயே வெளியாகிவிடும்.

வாங்கியதும் சர்வீஸுக்குக் கொடுக்கும்போது மூன்று விஷயங்களை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்: கேஸைப் பாலிஷ் செய்யக் கூடாது, டயலையும் முள்ளையும் கழுவவோ மாற்றவோ கூடாது, மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். முதலாவதை வாயால் மட்டும் சொன்னால் மறந்துபோய் மெருகேற்றித் தருவார்கள், அதையும் இலவசமாக, நல்லது செய்வதாக எண்ணிக்கொண்டு.